வெளிநாட்டு போஸ்டிங் போகும் மாணவர்களுக்குத் தடுப்பூசி: என் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் தடுப்பூசி அறையில் செவிலியராக இருக்கிறேன். எலெக்டிவ் (விருப்பப் பயிற்சி), அப்சர்வர்ஷிப் (பார்த்துக் கற்பது), நர்சிங் போஸ்டிங் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் வெளிநாடு கிளம்புகிறார்கள். கடலூர், நெய்வேலி, விழுப்புரத்திலிருந்தும் வருகிறார்கள். எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், பெரும்பாலும் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது. அதனால் கேட்டது கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். கடைசி முடிவு உங்களைப் பார்க்கும் டாக்டருடையது.

"சிஸ்டர், எத்தனை நாளைக்கு முன்னாடி வரணும்?"

எட்டு மாதம். சிரிக்காதீர்கள், கணக்குச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு, அதாவது டைட்டர், பார்க்க வேண்டும். அதற்கே ஏழெட்டு மாதம் போய்விடும். மற்றவற்றைப் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நெருக்கிவிடலாம், இது ஒன்று மட்டும் லேசில் நெருங்காது.

முதல் வருஷத்திலேயே கல்லூரியில் ஹெபடைடிஸ் பி போட்டு முடித்து, தாளும் கையில் இருந்தால் மூன்று மாதம் போதும். ஊசி போடுவது ஐந்து நிமிஷ வேலை. போட்டதை நிரூபிக்கத்தான் எல்லாரும் அலைகிறார்கள்.

"எந்த நாட்டுக்கு என்ன ஊசின்னு ஒரு லிஸ்ட் கொடுத்துடுங்களேன்?"

ஒரே லிஸ்ட்டாகக் கொடுக்க முடியாது. மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்கிறார்கள். நீங்கள் வேலை பார்க்கப்போகும் மருத்துவமனை கேட்பது ஒன்று: ஹெபடைடிஸ் பி, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மை, காசநோய்ப் பரிசோதனை, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல்), ஃப்ளூ. இது அங்குள்ள நோயாளிகளை உங்களிடமிருந்து காப்பாற்ற. நாட்டு எல்லையில் கேட்பது இரண்டாவது: மஞ்சள் காய்ச்சல், சில இடங்களில் போலியோ. மூன்றாவது உங்கள் உடம்புக்கு வேண்டியது: டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, வெறிநாய்க்கடி, மூளைக்காய்ச்சல். இதை யாரும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கா என்றால் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யின் பொதுப் படிவம் ஒன்று உண்டு. பிரிட்டனில் அந்தந்த மருத்துவமனையின் ஆக்குபேஷனல் ஹெல்த், அதாவது ஊழியர் நலப் பிரிவு தனித்தாள் அனுப்பும். அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். செல்போனில் பெரிதாக்கிக் காட்டினால் பாதி வரி விட்டுப்போகிறது.

"மஞ்சள் காமாலை ஊசி ஏற்கெனவே போட்டாச்சு. அப்புறம் எதுக்கு மறுபடியும் மஞ்சள் காய்ச்சல் ஊசி?"

இந்தக் குழப்பத்துக்குப் பெயர்தான் காரணம். நம் ஊரில் 'மஞ்சள் காமாலை ஊசி' என்று சொல்வது ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை. அது ரத்தம், உடல் திரவம் வழியாகப் பரவும் கல்லீரல் நோய். மஞ்சள் காய்ச்சல் வேறு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுக்கடியால் வருவது. இந்தியாவில் அந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது, டெங்குவைப் பரப்புவதும் அதுதான். வைரஸ் மட்டும் உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் விமான நிலையத்தில் இந்த ஒரு சான்றிதழுக்கு அவ்வளவு கெடுபிடி இருப்பது அதனால்தான். மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

"சின்ன வயசு தடுப்பூசி அட்டை தானே புயல்ல போச்சு. இப்ப என்ன பண்றது?"

தானே மட்டுமில்லை. தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி '2004 சுனாமியிலேயே போச்சு அக்கா' என்றாள். கடற்கரை ஊர்களில் பீரோவின் அடித்தட்டில் வைத்த காகிதம் எதுவும் முழுதாகத் தப்பியதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே கரை கடந்தபோது இந்தப் பக்கத்தில் கூரையோடு போன அட்டைகளுக்குக் கணக்கே கிடையாது.

முதலில் பிறந்த மருத்துவமனையிலும், ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கிராமச் செவிலியரிடமும் பழைய பதிவேட்டைக் கேளுங்கள். சில நேரம் கிடைக்கும். கிடைக்கவில்லையா, பொது விதி எளிது: எழுத்தில் இல்லாத ஊசி, போடாத ஊசி. ஒன்று ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி இருப்பதைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மறுபடி போட வேண்டும். ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கு எம்.எம்.ஆரோ ஹெபடைடிஸ் பியோ ஒரு டோஸ் கூடுதலாகப் போவதால் கெடுதல் இல்லை. அம்மா நினைவிலிருந்து தேதி சொல்ல, நான் புது அட்டையில் எழுதித் தர வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத மாட்டேன்.

"2017ல ஸ்கூல்ல எல்லாருக்கும் போட்டாங்களே, விரல்ல மை கூட வச்சாங்க. அது கணக்கில் வருமா?"

வரும், பாதி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் போட்டது எம்.ஆர்., அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். வெளிநாட்டு மருத்துவமனை கேட்பது எம்.எம்.ஆர். நடுவில் இருக்கும் இன்னொரு எம் பொன்னுக்குவீங்கி. அது அந்த ஊசியில் இல்லை. போட்டதற்குக் கொடுத்த சின்னச் சீட்டை எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள்? அன்றைக்கு வாட்ஸ்அப் வதந்தியை நம்பி லீவு போட்டு வீட்டில் நிறுத்திக்கொண்ட குடும்பங்களும் உண்டு. எனவே உங்கள் அம்மாவிடம் ஒருமுறை உண்மையைக் கேட்டுவிடுங்கள்.

என் யோசனை: நேரம் இருந்தால் டைட்டர் எல்லாம் பார்த்துப் பணத்தை விடாமல், நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் எம்.எம்.ஆர். போட்டுக்கொண்டு தேதியோடு சான்றிதழ் வாங்குங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு டோஸுக்குத் தாள் இருந்தால் டைட்டர் கேட்பதில்லை.

"எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கு. அதைச் சொன்னா சின்னம்மை ஊசியை விட்டுடுவாங்களா?"

எந்த அம்மை? நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான், முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. நம் வீடுகளில் 'அம்மா வந்திருக்கா' என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் விட்டு முடித்துவிடுவார்கள். அது நீர்க்கொப்புளமாக வந்த சின்னம்மையா, மணல் தூவியது போல வந்த தட்டம்மையா, தாடை வீங்கிய புட்டாளம்மையா என்று யாரும் பிரித்து எழுதி வைப்பதில்லை. எல்லாம் அம்மைதான்.

இன்னொன்று. குளிர் நாடுகளில் சின்னம்மை பெரும்பாலும் குழந்தையிலேயே வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெயில் நாடுகளில் பலருக்குப் பெரியவர்கள் ஆகும்வரை வருவதே இல்லை. இருபத்திரண்டு வயதில் ஹாஸ்டலில் சின்னம்மை வந்து படுத்த பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆகவே சின்னம்மைக்கு ஐ.ஜி.ஜி. எனும் எதிர்ப்பொருள் டெஸ்ட் எடுப்பது காசுக்குத் தகும். பாசிட்டிவ் என்றால் அந்த ரிப்போர்ட்டே சான்று. நெகட்டிவ் என்றால் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ்.

"ஹெபடைடிஸ் பி மூணு டோஸும் போட்டு சர்டிபிகேட் இருக்கு. டைட்டர் வேற எதுக்கு?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மூன்று டோஸே போதும். நீங்கள் ஊசியும் கத்தியும் கையில் பிடிக்கப்போகிறவர். ஊசி போட்டும் எதிர்ப்பு சக்தி வராதவர்கள் நூற்றில் சிலர் இருக்கிறார்கள். அது நீங்களா என்று தெரிந்தே ஆக வேண்டும். 10 யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று உலகெங்கும் எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் இன்னும் கறார்: 100க்கு மேல் இருந்தால் திருப்தி, 10க்கும் 100க்கும் நடுவில் இருந்தால் இன்னொரு டோஸ் போடச் சொல்வார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. லேப்பில் போய் 'ஹெபடைடிஸ் பி டெஸ்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிஜென் டெஸ்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 'ஆன்டி ஹெச்.பி.எஸ்., எண்ணிக்கையோடு வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பையனுக்கு லேப்பில் 'ரியாக்டிவ்' என்று ஒற்றை வார்த்தை போட்டுக் கொடுத்தார்கள். எண் இல்லாமல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. மறுபடி ரத்தம், மறுபடி காசு, பத்து நாள் போச்சு. அனுப்பி வைத்த நானும் சீட்டில் சரியாக எழுதியிருக்க வேண்டும். அதிலிருந்து எண்ணிக்கை என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போடுகிறேன்.

"டைட்டர் 6 தான் வந்திருக்கு. எலெக்டிவ் போச்சா?"

போகவில்லை. முதலில் ஊசி எப்போது போட்டது, எங்கே போட்டது என்று பாருங்கள். போட்டுப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தால் அளவு இயல்பாகவே இறங்கியிருக்கும், உடம்பின் நினைவு அழிந்திருக்காது. ஒரு டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பலருக்கு நூற்றுக்கணக்கில் ஏறிவிடுகிறது. அப்படியும் ஏறவில்லை என்றால் மீதி இரண்டு டோஸையும் போட்டு இரண்டாவது சுற்றை முடித்து மறுபடி பார்ப்பது. அதற்கும் மசியவில்லை என்றால், ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று ஆன்டிஜென் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் நீங்கள் 'நான்-ரெஸ்பாண்டர்', அதாவது ஊசிக்கு எதிர்ப்பு சக்தி வராதவர். அப்படிப்பட்டவர்களும் போகலாம். ஊசி குத்திக்கொண்டால் உடனே இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள் மருந்து) தேவைப்படும் என்பதை மட்டும் அங்கே முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

எங்கே போட்டது என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி ஊசியைத் தோளுக்குக் கீழே புஜத்தில்தான் போட வேண்டும். 'கை வலிக்கும் சிஸ்டர், இடுப்பில் போடுங்க' என்று கெஞ்சுபவர்கள் உண்டு. இடுப்பில் கொழுப்புக்குள் போன ஊசி பாதி வேலைதான் செய்யும்.

"கிளம்ப ரெண்டு மாசம்தான் இருக்கு, ஹெபடைடிஸ் பி ஒண்ணுகூட போடல. திட்டாதீங்க."

திட்டவில்லை. 0, 7, 21 நாள் என்று ஒரு வேக அட்டவணை இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து நான்காவது டோஸ் போட்டே ஆக வேண்டும். 0, 1, 2 மாதம், பிறகு ஒரு வருஷத்தில் ஒன்று என்று இன்னொன்றும் உண்டு. அங்குள்ள மருத்துவமனை இதை ஏற்குமா என்று முதலில் மெயில் போட்டுக் கேளுங்கள். அப்சர்வர் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

இரண்டு டோஸ் போட்டு நடுவில் விட்டவர்கள் பயப்பட வேண்டாம். எத்தனை வருஷம் ஆனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

"போன வருஷம் ஈ.சி.ஆர்.ல வண்டியில விழுந்தப்போ செப்டிக் ஊசி போட்டேன். டிடாப் அதுதானே?"

அது இல்லை. விழுந்தால் போடும் பழைய டி.டி. (TT) ஊசியில் டெட்டனஸ் மட்டும், இப்போது வரும் டி.டி. (Td) ஊசியில் டிப்தீரியாவும் சேர்ந்திருக்கும். டிடாப்பில் இவை இரண்டோடு கக்குவான் இருமலும் உண்டு. அமெரிக்கப் படிவம் கேட்பது அந்தக் கக்குவானுக்காகத்தான், பச்சிளம் குழந்தைகள் இருக்கும் வார்டில் நீங்கள் நிற்பதால். பெரியவர்களுக்கு ஒரே டோஸ். எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது, இரண்டு நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும்.

"மான்டூ பாசிட்டிவ் வந்துடுச்சு. எனக்கு டி.பி.யா?"

அழுதுகொண்டே வரும் கேள்வி இது. மான்டூ என்பது காசநோய்க் கிருமி உடம்பில் பட்டிருக்கிறதா என்று தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை. நாம் பிறந்ததும் பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள், காசநோய் நிறைந்த நாட்டில் வார்டு வார்டாகச் சுற்றியவர்கள். கையில் போட்ட மான்டூ தடிப்பதில் ஆச்சரியம் இல்லை. தடிப்பு என்றால் தொட்டால் தட்டுப்படும் மேடு. சிவப்பு கணக்கில்லை. பால்பாயின்ட் பேனாவை ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தால் மேடு தொடங்கும் இடத்தில் பேனா நிற்கும். அங்கே ஒரு கோடு, எதிர்ப்பக்கம் ஒரு கோடு, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து எழுதுவேன். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திங்கள் சாயங்காலம் வந்தால் வீண்.

வெளிநாட்டுக்கு நேராக இக்ரா எனும் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள் என்பதே என் கட்சி. பி.சி.ஜி. அதைக் குழப்பாது. விலை கூடுதல்தான். அதுவும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே, டாக்டர் ஆலோசனை. உடம்பில் கிருமி உறங்குகிறது என்பது வேறு, நோய் என்பது வேறு. எக்ஸ்ரே சுத்தமாக இருந்து இருமல், காய்ச்சல் இல்லையென்றால் பெரும்பாலும் அனுமதி உண்டு. பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் விசாவுக்கே தனியாக, அவர்கள் அங்கீகரித்த மையத்தில் டி.பி. பரிசோதனை உண்டு. இரண்டு மாத எலெக்டிவுக்கு அது வேண்டாம்.

"மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்க போடுவாங்க? தனியார் ஆஸ்பத்திரியில கிடைக்குமா?"

மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டும். வேறு எங்கே போட்டாலும் சான்றிதழ் செல்லாது. நம் பக்கத்தில் முதலில் ஜிப்மருக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம். எல்லா நாளும் போட மாட்டார்கள். ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும், கலந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் ஆள் சேர்த்துக் குறிப்பிட்ட கிழமையில் போடுவார்கள். பாஸ்போர்ட் அசல் கையில் இருக்க வேண்டும்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழுக்கு உயிர் வரும். ஒன்பதாவது நாள் விமானம் ஏறினால் செல்லாது. ஒரு டோஸ் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலையிலிருந்து இதுதான் உலக விதி. அப்பாவின் பழைய மஞ்சள் அட்டையில் பத்து வருஷம் என்று அச்சிட்டிருந்தாலும் அது இப்போதும் செல்லும்.

கானா, உகாண்டா போன்ற நாடுகளில் எங்கிருந்து வந்தாலும் சான்றிதழ் கேட்பார்கள். கென்யாவில் இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கேட்காமல் விடலாம், திரும்பும்போது இங்கே கேட்பார்கள். பலர் மாட்டுவது அங்கேதான்.

"கென்யாவெல்லாம் போகல, அடிஸ் அபாபாவில ஃப்ளைட் மாறுறேன் அவ்வளவுதான். அதுக்குமா?"

எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுதான். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அடுத்த விமானம் பிடித்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. விமானம் தாமதமாகி, கம்பெனியே ஊருக்குள் ஹோட்டலில் தங்க வைத்தால் கதை மாறிவிடும். போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஆப்பிரிக்கா வழியாகப் போகிறவருக்கு ஊசியைப் போட்டுக்கொள் என்றுதான் சொல்வேன். ஒருமுறைதானே.

"நாங்க சுத்த சைவம். மஞ்சள் காய்ச்சல் ஊசியில முட்டை இருக்காமே?"

கோழிக்கருவில் வளர்த்த வைரஸ் அது, உண்மைதான். முட்டை சாப்பிட்டால் மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்று கடுமையான ஒவ்வாமை இருப்பவருக்குப் போடக் கூடாது. அவருக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் உண்டு. சாப்பிட மாட்டேன் என்பதும் ஒவ்வாது என்பதும் வேறு வேறு, சைவத்துக்கு விலக்குச் சீட்டு கிடையாது. வேறு முறையில் செய்த மஞ்சள் காய்ச்சல் ஊசியும் இல்லை. மனம் ஒப்பவில்லை என்றால் மலேசியாவோ பிரிட்டனோ தேர்ந்தெடுப்பது நேர்மையான வழி. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல குத்திடுங்களேன், லீவு இல்ல."

உயிரற்ற ஊசிகள் என்றால் சரி, ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டிடாப் எல்லாம் வெவ்வேறு இடத்தில் ஒரே நாளில் போடலாம். எம்.எம்.ஆர்., சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் மூன்றும் உயிருள்ளவை, அதாவது பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி கொண்டவை. இரண்டு உயிர் ஊசி என்றால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் நான்கு வார இடைவெளி. அதிலும் எம்.எம்.ஆரையும் மஞ்சள் காய்ச்சலையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றின் பலன் குறையலாம் என்பதால், நேரம் இருந்தால் நான்கு வாரம் பிரித்துப் போடுவதே நல்லது. நேரமே இல்லை என்றால் டாக்டர் ஒரே நாளுக்கு ஒப்புக்கொள்வார்.

மேலே சொன்ன மான்டூவும் இக்ராவும் இதில் வந்து இடிக்கும். உயிர் ஊசி போட்ட மறுநாளிலிருந்து நான்கு வாரத்துக்கு அந்தப் பரிசோதனை பொய் நெகட்டிவ் காட்டலாம். ஆகவே டி.பி. பரிசோதனை முதலில், அல்லது அதே நாளில். கர்ப்பிணிகளுக்கு எம்.எம்.ஆர்., சின்னம்மை கூடாது, போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கல்யாணமான இன்டர்ன் பிள்ளைகள் இதை என்னிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

"ஊசி போட்ட அன்னிக்குத் தலைக்குக் குளிக்கலாமா? கறி சாப்பிடலாமா? பீரியட்ஸ்ல போடலாமா?"

குளிக்கலாம். சாப்பிடலாம். போடலாம். டாக்டராகப் போகிறவர்கள் கேட்கிறீர்களே என்று முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை, பாட்டி சொன்னதைச் சரிபார்க்க வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

"புதுச்சேரியில மருந்துக் கடையில ஊசி வாங்கி, கடலூர்ல எங்க ஊர் டாக்டர்கிட்ட போட்டுக்கலாமா?"

வெயிலில் பஸ்ஸில் ஒரு மணி நேரம், கைப்பையில் காகித உறையில் சுற்றி! தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இன்னொரு பிள்ளை அதிபுத்திசாலித்தனமாக ஐஸ்கட்டிமேல் நேராக வைத்துக் கொண்டுவந்தாள். ஹெபடைடிஸ் பி உறைந்தால் செத்த மாதிரி. குப்பியைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் திப்பி திப்பியாக நின்றது. காசு போச்சு என்று முகம் சுருங்கிவிட்டது.

அரசுக் குப்பியில் ஒரு வட்டமும் அதன் நடுவில் வெள்ளைச் சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தோடு ஒன்றிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். கடையில் வாங்கும் எல்லாவற்றிலும் அந்த அடையாளம் இருக்காது. வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒட்டும் சீட்டைக் கேட்டு வாங்கி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

"சர்டிபிகேட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா. பிரச்னை ஆகுமா?"

ஆகும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எழுத்தாகவே எல்லா ரிப்போர்ட்டிலும் வர வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் உள்ள தொல்லை இது. லேப்பில் 'பேர் என்னம்மா' என்று கேட்டதும் இனிஷியலோடு சொல்லிப் பழக்கம். இனிமேல் வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் நகலை நீட்டுங்கள். பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் ரிப்போர்ட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

"அப்பாவே டாக்டர்தான். படிவத்தில் அவரே கையெழுத்து போட்டா?"

வேண்டாம். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் சந்தேகம் வரும். கல்லூரியின் மாணவர் நலப் பிரிவு அல்லது சமூக மருத்துவத் துறையில் போட்டு வாங்குங்கள். முத்திரை எழுத்து தெரியும்படி விழ வேண்டும். நீல மை பரவிப்போய் வட்டம் மட்டும் தெரிந்த முத்திரைக்காக ஒரு பிள்ளையை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.

"டைபாய்டு, நாய்க்கடி ஊசியெல்லாம் நமக்கெதுக்கு? நாமளே அந்த ஊர்லேருந்துதானே போறோம்?"

தண்ணீர் கொதிக்க வைத்து, கேன் வாங்கி வளர்ந்த தலைமுறை நீங்கள். உங்கள் தாத்தாவுக்குச் சின்ன வயதிலேயே ஹெபடைடிஸ் ஏ வந்து தெரியாமலே போயிருக்கும். உங்களுக்கு வந்திருக்காது. ஐ.ஜி.ஜி. பார்த்துவிட்டுப் போடலாம், ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். டைபாய்டுக்கு கான்ஜுகேட் ஊசி ஒரு டோஸ். ஆசியக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கேளுங்கள். விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை.

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே 0, 7 நாள் என்று இரண்டு டோஸ் போட்டு வைத்தால், பின்னால் கடித்தால் 0, 3 நாள் இரண்டு டோஸ் மட்டும் போதும், இம்யூனோகுளோபுலின் தேடி ஓட வேண்டாம். ஆப்பிரிக்கக் கிராமத்து ஆஸ்பத்திரியில் அந்த மருந்து கிடைப்பது குதிரைக்கொம்பு.

"மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துடுச்சே, அதைப் போடுங்க."

வந்திருக்கிறது. ஆர்டிஎஸ்எஸ், ஆர்21 என்று இரண்டு. இரண்டாவது புனேவில் தயாராவது. ஆனால் அது ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு, பயணிகளுக்கு அல்ல. உங்களுக்கு மாத்திரைதான். டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, தினமும் ஒன்று, திரும்பி வந்தும் நான்கு வாரம். அடோவாகுவோன் புரோகுவானில் என்றால் திரும்பியபின் ஏழு நாள். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கு ஆகாது. திரும்பி வந்த பிறகு நிறுத்திவிடுவதுதான் நம் பிள்ளைகளின் பழக்கம்.

"எல்லா ஊசியும் போட்டாச்சு. ஊசி குத்திக்கிட்டாலும் பயமில்லைதானே?"

ஹெபடைடிஸ் பிக்கு மட்டும். எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சிக்கும் தடுப்பூசி இல்லை. குத்திக்கொண்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், பிழியாதீர்கள், உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். மருந்து கிடைக்குமா என்று உறுதியில்லாத ஊருக்குப் போகிறவர்கள் டாக்டர் சீட்டோடு ஐந்து நாளுக்கான மாத்திரையைக் கையில் கொண்டுபோவது நல்லது. போய் இறங்கிய முதல் நாளே 'இங்கே ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும்' என்று கேட்டு, அந்த எண்ணை போனில் போட்டு வையுங்கள்.

"திரும்பி வந்து ஒரு மாசம் ஆச்சு, இப்ப காய்ச்சல். இது டெங்குதானே?"

டெங்குவாக இருக்கலாம், புதுச்சேரியில் மழைக்காலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆப்பிரிக்கா போய் வந்தவருக்கு மூன்று மாதத்துக்குள் வரும் காய்ச்சல், வேறு என்று நிரூபிக்கும்வரை ஃபால்சிபரம் எனும் ஆபத்தான வகை மலேரியாதான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும். கேஷுவாலிட்டியில் போய் உட்கார்ந்ததும் 'மூணு நாளா காய்ச்சல்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'உகாண்டாவிலிருந்து போன மாதம் வந்தேன்' என்பதை முதலில் சொல்லுங்கள். அன்றைக்கே மலேரியாக் கிருமியைத் தேடும் ரத்தப் பூச்சு எடுப்பார்கள். நெகட்டிவ் என்றாலும் மறுநாளும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காய்ச்சலே இல்லாவிட்டாலும், காசநோய் வார்டில் நின்றவர்கள் திரும்பி எட்டுப் பத்து வாரத்தில் இக்ராவை மறுபடி எடுக்க வேண்டும். போகும்போது எடுத்த ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். அது இருந்தால்தான் புதிதாக ஒட்டிக்கொண்டதா என்று சொல்ல முடியும்.